குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை: எம்.பி.யை எந்தக் கதவைத் தட்டச் சொல்வது?

ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தில் அங்குள்ள எல்லா வீடுகளுக்கும் குடிநீர் இணைப்பு கொடுத்தாயிற்று என்று அரசின் பதிவேடு சொல்கிறது. நேரில் போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிமெண்ட் மேடையும் அதில் ஒரு நல்லியும் நிற்கின்றன. திறந்தால் காற்றுதான் வருகிறது. தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் பழையபடியே வரிசையில் இருக்கின்றன. ஊராட்சி அலுவலகம், ஒன்றிய அலுவலகம், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்று எல்லாம் சுற்றி ஓய்ந்த பிறகு, திட்டச் செலவில் பாதி ஒன்றிய அரசுடையது என்பதால் தொகுதி எம்.பி.யைப் பார்த்து முறையிட ஊர்க்காரர்கள் முடிவு செய்கிறார்கள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நாடாளுமன்றத்தில் எழுப்புகிறேன்” என்கிறார்.

எப்படி எழுப்புவார் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு அமைச்சரவை முழுவதையும் மக்களவைக்குப் பொறுப்பாக்குகிறது. ஆனால் அந்தப் பொறுப்பை வசூலிக்கும் வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் வேறு, கிடைக்கும் பொருள் வேறு. தவறான வழியில் போனால் இரண்டு ஆண்டுகள் கழித்தும் கையில் ஒரு காணொளித் துண்டு மட்டுமே மிஞ்சும். ஆகவே எம்.பி.யைப் பார்க்கப் போகும் ஊர்க்காரர்களின் பக்கத்தில் நின்று இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

காணொளித் துண்டு என்று சொன்னது பூஜ்ய நேரத்தை மனத்தில் வைத்துத்தான். அவசரப் பொதுப் பிரச்சினையை ஓரிரு நிமிடங்களில் எழுப்ப உறுப்பினருக்குக் கிடைக்கும் அந்த நேரத்தில் அவர் பேசியது அன்று மாலையே தொகுதி முழுவதும் வாட்ஸாப்பில் சுற்றும். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதில் இல்லை. எம்.பி. நமக்காகப் பேசினார் என்ற மனநிறைவு போதும் என்றால் இதுவே சிறந்த வழி. தண்ணீர் வேண்டுமென்றால் மேலே படிக்கலாம்.

எழுத்தில் கேட்கும் கேள்விதான் எல்லாவற்றிலும் மலிவான கருவி; என் கணக்கில் மிகக் குறைவாக மதிக்கப்படும் கருவியும் அதுதான். மக்களவையில் நாளொன்றுக்கு 20 உடுக்குறியிட்ட வினாக்களும் 230 உடுக்குறியிடாத வினாக்களும் பட்டியலில் இடம்பெறுகின்றன. முதல் வகைக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணை வினாக்களையும் சந்திக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு எழுத்தில் பதில் வரும். வாய்மொழிப் பதிலுக்குத்தான் மவுசு அதிகம் என்றாலும், அந்த ஒரு மணி நேரத்தில் நான்கைந்து வினாக்களைத் தாண்டுவதே அரிது. அமளி நடந்தால் அதுவும் இல்லை. எழுத்து வினாவுக்கு அமளி தடையாவதில்லை, அவை ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் பதில் மேசைக்கு வந்துவிடும். ஆகவே குலுக்கலில் உடுக்குறி வினா கிடைக்குமா என்று காத்திருப்பதைவிட, எழுத்து வினாவைக் கூர்மையாகத் தீட்டுவதில் உழைப்பைப் போடலாம்.

அந்தக் கூர்மையை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். “தமிழ்நாட்டில் ஜல் ஜீவன் திட்டம் முறையாகச் செயல்படவில்லை என்பதை அரசு அறியுமா, அறியுமெனில் எடுத்த நடவடிக்கைகள் என்ன?” என்று கேட்டால் வரப்போகும் பதிலைக் கேள்வி அச்சாவதற்கு முன்பே நாம் எழுதிவிடலாம். குடிநீர் மாநிலங்களின் பொறுப்பிலுள்ள பொருள் என்று அது தொடங்கும். திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட வரலாற்றைச் சொல்லும். மாநிலங்களுடன் தொடர்ந்து மீளாய்வுக் கூட்டங்கள் நடத்தப்படுவதாகக் கூறி முடியும். அதில் பொய் ஒரு வரிகூட இருக்காது, நமக்குப் பயன்படும் வரியும் இருக்காது.

இப்போது அதையே வேறுவிதமாகக் கேட்டுப் பார்க்கலாம். “(அ) இணைப்பு வழங்கப்பட்டதாகப் பதிவான வீடுகளில், நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கிடைப்பது நேரில் சரிபார்க்கப்பட்ட வீடுகள் எத்தனை, மாவட்டவாரியாக, (ஆ) சரிபார்த்த அமைப்பு எது, கடைசியாகச் சரிபார்த்த நாள் எது, (இ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒன்றிய அரசு விடுவித்த தொகையும் மாநிலம் செலவிட்ட தொகையும் எவ்வளவு, (ஈ) சரிபார்க்கப்படாத இணைப்புகளுக்கும் தொகை விடுவிக்கப்பட்டதா?” 55 லிட்டர் என்பது திட்டமே தனக்கு விதித்துக்கொண்ட அளவு என்பதால் அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. வினாவின் நீளம் 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது அவை விதி. மேலே உள்ளது அதற்குள் வசதியாக அடங்கும். அமைச்சகத்தில் இதைக் கையாளும் அதிகாரிக்கு இனி மூன்று வழிகள்தான் உண்டு. எண்ணைத் தர வேண்டும். அல்லது அத்தகைய விவரம் ஒன்றிய அளவில் பராமரிக்கப்படுவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது விவரம் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும் என்று எழுத வேண்டும். இரண்டாவது பதில் வந்தால் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. சரிபார்த்த கணக்கே இல்லாமல் பணம் விடுவிக்கப்பட்டிருக்கிறது என்பதை அரசே எழுத்தில் தந்துவிட்டது என்று அதற்குப் பொருள்.

மூன்றாவது பதில்தான் சுவையானது. அதைப் படித்துவிட்டு வழக்கமான மழுப்பல் என்று பலரும் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். அவை மரபில் அது ஓர் உறுதிமொழி. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு என்று 15 உறுப்பினர் கொண்ட ஒரு குழு இயங்கி வருகிறது. அவையில் அமைச்சர்கள் கொடுத்த வாக்குகளைப் பொறுக்கியெடுத்து, அவை நிறைவேறினவா என்று பின்தொடர்வது மட்டுமே அதன் வேலை. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘விவரம் திரட்டப்படுகிறது’ போன்ற எந்தெந்தச் சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளப்படும் என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. அப்படிக் கொள்ளப்பட்டால் மூன்று மாதத்துக்குள் அமைச்சகம் அதை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். அவகாசம் மேல் அவகாசமாக ஆண்டுகளை ஓட்டும் அமைச்சகங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கோப்பு மூடப்படாமல் இருக்கிறது, அதை மூடியாக வேண்டிய ஓர் அதிகாரியும் இருக்கிறார்.

கேள்வி என்பது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, பெரிய மீன்களுக்குப் பெரிய வலை வேண்டும் என்று நினைப்பவர்கள் முந்த்ரா விவகாரத்தைத் திரும்பிப் பார்க்கலாம். 1957இல், அப்போது தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. மக்களவையில் முதலில் வந்தது அதைப் பற்றிய கேள்விதான். கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களையும் சந்தை விலைகளையும் அருகருகே வைத்துக்கொண்டு டிசம்பர் 16 அன்று பேசியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளாவின் ஒருநபர் ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்துச் சில வாரங்களில் அறிக்கை தந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலகியவர் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்த பிறகு வாக்களிப்பில் கொறடாவை மீறினால் பதவி போகும் என்பது உண்மைதான். கேள்வி கேட்பதற்குக் கொறடா உத்தரவு எதுவும் தேவையில்லை, ஆளுங்கட்சி எம்.பி.யும் கேட்கலாம். நம் ஊர் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அடுத்தது துறைசார்ந்த நிலைக்குழு. 1993இல் 17 குழுக்களாக அமைக்கப்பட்டு, 2004இல் 24 ஆக உயர்ந்த இவற்றில் ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள்; அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. பட்ஜெட் தாக்கலான பின் அவை இடைவேளை விடும் வாரங்களில் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு அது கேட்கும் தொகையை, வரிவரியாகப் பார்ப்பது இந்தக் குழுக்கள்தான். மக்களவையிலேயே அதைப் பார்ப்பார்களே என்று கேட்கலாம். 2018இலும் 2023இலும் ஓர் அமைச்சகத்தின் கோரிக்கைகூட மக்களவையில் விவாதிக்கப்படவில்லை. எல்லாமே ‘கில்லட்டின்’ முறையில் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு நிறைவேறின. ஆக, ஜல் சக்தி அமைச்சகத்தின் செயலாளரை எதிரில் உட்காரவைத்து, போன ஆண்டு ஒதுக்கிய தொகை ஏன் செலவாகவில்லை என்று கேட்கும் ஒரே அறை சில ஆண்டுகளில் இந்தக் குழு அறையாக மட்டுமே இருக்கிறது. குழுவில் கொறடா கிடையாது. கேமராவும் கிடையாது என்பதால், அவையில் ஒருவரையொருவர் இரைந்து பேசும் உறுப்பினர்கள் இங்கே தத்தம் தொகுதிக் குழாய்களைப் பற்றி ஒரே குரலில் பேசிவிடுகிறார்கள்.

குறைகள் இரண்டு. அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடக் கூடாது என்று விதியே சொல்கிறது. ஆகவே ஓர் ஊராட்சியின் நல்லி அங்கே தனியாகப் பேசுபொருள் ஆகாது, பல மாவட்டங்களில் ஒரே குறை தெரிந்தால்தான் ஆகும். மேலும் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று அரசு மூன்று மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அவ்வளவே. மசோதாக்களை இக்குழுக்களுக்கு அனுப்பும் வழக்கமும் தேய்ந்துவிட்டது: 15ஆவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் போயின, 17ஆவதில் 16தான். மானியக் கோரிக்கைகளைப் பார்க்கும் வேலை மட்டும் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கிறது. நம் ஊருக்கு வேண்டியதும் அதுவே.

பொதுக் கணக்குக் குழுவுக்கு மரியாதை அதிகம், வயதும் அதிகம். 1921இல் தொடங்கிய அந்தக் குழுவில் மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என 22 பேர் இருப்பார்கள். 1967இல் மினு மசானி தலைவரானதிலிருந்து எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்பது மரபாகிவிட்டது. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு அதிலிருந்து சில பொருள்களைத் தேர்ந்தெடுத்து, துறைச் செயலாளர்களை வரவழைத்து விசாரிக்கும். நிலைக்குழு செலவாகப் போகும் பணத்தைப் பார்க்கிறது என்றால், இது செலவாகிவிட்ட பணத்தைப் பார்க்கிறது. தணிக்கையாளர்கள் நேரில் போய் எடுத்த சான்று கையில் இருப்பதால் இங்கே அதிகாரிகளால் எளிதில் மழுப்ப முடியாது. ஆனால் தணிக்கை நடந்து, அறிக்கை எழுதி, அது அவைக்கு வந்து, குழு அதை எடுத்துக்கொண்டு, பரிந்துரை செய்து, ஆறு மாதத்தில் அரசு நடவடிக்கைக் குறிப்பு கொடுப்பதற்குள், ஒப்பந்ததாரர் கணக்கை முடித்துக்கொண்டு போய் வருடங்கள் ஆகியிருக்கும். நம் ஊராட்சி இருக்கும் மாவட்டம் தணிக்கையின் மாதிரியில் சேர்ந்திருந்தால் இது பொன்னான வழி. சேர்ந்திருக்காவிட்டால் எம்.பி. எவ்வளவு முயன்றும் பெரிதாக ஆகப்போவதில்லை.

இனி, எதிர்க்கட்சிகளுக்கு மிகப் பிடித்தமான கோரிக்கையான கூட்டு நாடாளுமன்றக் குழு. மசோதாக்களை ஆராய அமைக்கும் கூட்டுக் குழுவை நான் சொல்லவில்லை. முறைகேட்டை விசாரிக்க அமைக்கும் குழுவைச் சொல்கிறேன். போஃபர்ஸுக்காக 1987இல், பங்குச்சந்தை ஊழலுக்காக 1992இலும் 2001இலும், குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றி 2003இல், 2ஜி அலைக்கற்றைக்காக 2011இல் எனச் சில முறைதான் இது அமைக்கப்பட்டிருக்கிறது. இதை அமைக்கச் செய்வதற்கே ஆகும் விலையைப் பாருங்கள்: 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் கிட்டத்தட்ட முழுவதும் 2ஜி குழு கேட்டு நடந்த அமளியிலேயே போயிற்று. கேள்வி நேரம் போயிற்று, மற்ற தொகுதிகளின் குடிநீர்க் கேள்விகளுக்கான துணை வினாக்களும் போயின.

2ஜி விவகாரம் இரண்டு குழுக்களையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க உதவுகிறது. 2010 நவம்பரில் தணிக்கை அறிக்கை அவைக்கு வந்தது; உத்தேச இழப்பு 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற எண் நாடெங்கும் பரவியது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொண்டு, 2011 ஏப்ரலில் வரைவு அறிக்கையைத் தயாரித்தது. ஒருமனதாக அறிக்கை தருவதே மரபாக உள்ள அந்தக் குழுவில், ஆளுங்கூட்டணியினரும் அவர்களோடு சேர்ந்த வேறு கட்சியினருமாக 11 பேர் வரைவை நிராகரித்தனர். தலைவர் அனுப்பிய அறிக்கையைச் சபாநாயகர் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபுறம், பி.சி. சாக்கோ தலைமையில் 30 பேர் கொண்ட கூட்டுக் குழு இரண்டரை ஆண்டுகள் உட்கார்ந்து, 2013 செப்டம்பரில் 16க்கு 11 என்ற வாக்கில் அறிக்கையை ஏற்றது. பிரதமருக்கும் நிதியமைச்சருக்கும் அதில் குறை இல்லை; எதிர்க்கட்சிகள் மறுப்புக் குறிப்புகளை இணைத்தன. துறை அமைச்சராக இருந்த ஆ. ராசா நேரில் வந்து சாட்சியம் சொல்ல விரும்பியும் அழைக்கப்படவில்லை, எழுத்து வாக்குமூலத்தோடு விட்டார்கள். இதற்கிடையில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இத்தனைக்கும் நடுவில் கூட்டுக் குழுவின் அறிக்கையால் புதிதாகத் தெரியவந்தது என்ன என்று கேட்டால் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கட்சிகளின் பலத்துக்கேற்ப இடங்கள் பிரிக்கப்படும் குழுவில் ஆளும் தரப்புக்கே பெரும்பான்மை இருக்கும். ஓர் அமைச்சரின் தலை உருளக்கூடிய விவகாரம் அந்த அறைக்குள் வந்தால் கடைசி நாளில் கைதூக்கி எண்ணுவதில்தான் போய் முடியும். குளிர்பானக் குழு இதற்கு விதிவிலக்காக இருந்தது வியப்பில்லை. எதிர்க்கட்சி வரிசையிலிருந்த சரத் பவார் அதற்குத் தலைவர். எந்த அமைச்சரின் நாற்காலியும் அங்கே ஆடவில்லை. கேள்வியோ பாட்டிலில் என்ன இருக்கிறது, தரக்கட்டுப்பாடு என்ன சொல்கிறது என்பது. 2004 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கை, எச்சம் இருப்பதாகச் சொன்ன ஆய்வு முடிவைச் சரியென்று ஏற்று, தர நிர்ணயத்தை மாற்றச் சொன்னது. கூட்டுக் குழு கேட்பதாக இருந்தால் இப்படிப்பட்ட பொருளுக்குக் கேட்கலாம்.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 50 உறுப்பினர் ஆதரவு இருந்தால் விவாதத்துக்கு வரும். 1963இல் கிருபளானி கொண்டுவந்த முதல் தீர்மானம் 62க்கு 347 என்று தோற்றது. அன்றிலிருந்து இதுவரை எந்த அரசும் அதன் மீதான வாக்கெடுப்பில் கவிழ்ந்ததில்லை. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டு, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரு வாக்கில் போனது, அரசு தானே கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில். தனிப்பெரும்பான்மை உள்ள காலத்தில் இதற்கு ஒரே பயன் பிரதமரை அவையில் பேசவைப்பது. 2023 ஆகஸ்டில் மணிப்பூரை முன்வைத்து எதிர்க்கட்சிகள் கொண்டுவந்தது அதற்காகத்தான் என்பதை அவர்களே மறைக்கவில்லை. பேசிவிட்டு அமர்ந்த பிரதமரிடம் துணை வினா கேட்க அங்கே வழியில்லை. பிரிட்டனில் 2002 முதல் பிரதமரே குழுத் தலைவர்கள் முன்னால் அமர்ந்து, கேமரா ஓட, இடைமறித்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இங்கே குழு அறையில் செயலாளர்களோடு கதை முடிந்துவிடுகிறது, அதுவும் மூடிய கதவுக்குள்.

ஆக, நம் ஊர்க்காரர்கள் எம்.பி.யிடம் என்ன கேட்க வேண்டும்? என் விருப்பம் எழுத்து வினாவில் தொடங்குவது. பதில் எதுவாக வந்தாலும் அடுத்த கதவு எது என்பதை அந்தப் பதிலே காட்டிவிடும். விவரம் திரட்டப்படுவதாக வந்தால், நாளைக் குறித்துவைத்து உறுதிமொழிகள் குழுவுக்கு எழுதலாம். எண்கள் வந்து அவை ஊரின் நிலைமைக்கு முரணாக இருந்தால், அண்டை மாவட்டங்களிலிருந்தும் இதேபோன்ற முரண்களைத் திரட்டிக்கொண்டு, பட்ஜெட் இடைவேளைக்கு முன்பாக நீர்வளத் துறைக்கான நிலைக்குழுவின் உறுப்பினர் ஒருவரிடம் கொடுக்கலாம், நம் எம்.பி. அந்தக் குழுவில் இல்லாவிட்டாலும் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் பெரும்பாலும் இருப்பார். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் உண்டு. குழுவின் பரிசீலனையில் இருக்கும் பொருளைப் பற்றிய வினா பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. வினா முதலில், குழு பிறகு என்ற வரிசையை மாற்றினால் நாமே ஒரு கதவை அடைத்துக்கொள்வோம்.

வினாவுக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து வினாக்களுக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த ஐந்துக்குத் தொகுதி முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும். முதல் மக்களவை 677 நாள்கள் கூடியது, 17ஆவது 274 நாள்கள்தான் கூடியது என்பதால் தவறவிட்ட கூட்டத்தொடருக்கு ஈடு சுலபமாகக் கிடைக்காது. கூட்டத்தொடரின் தேதி செய்தித்தாளில் வந்த அன்றே எம்.பி. அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். கையெழுத்துகள் நிறைந்த மனுவைவிட அங்கே அதிகம் உதவப்போவது ஒரு நாற்பது பக்க நோட்டு: எந்தத் தெரு, எந்தத் தேதியில் நல்லி திறக்கப்பட்டது, எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை குடம் நிரம்பியது. குடங்களை எண்ணி எழுதும் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்யம் என்றுதான் எழுதியிருக்கும். அதைத் தேதியோடு எழுதியிருந்தால், வினாவின் (ஆ) பகுதிக்கு அமைச்சகம் தரும் தேதிக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம்.